சாவி களவு போகவில்லை

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், படித்துத்தான் ஆக வேண்டும்.

மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் மென்பொருளை ஒரு மேசைக் கணினியில் எப்படி நிறுவுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நீங்கள் கையேட்டைப் படிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் படித்ததில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று அழுத்திக்கொண்டே போனால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். நாம் எழுந்து வந்த பிறகு அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு என்ன ஆகிறது என்பது கையேட்டில் இல்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ கணினிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் சிஸ்டம் அட்மின். பெயர்தான் பெரிது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதிலிருந்து சர்வர் வரைக்கும் எல்லாம் என் தலையில். எங்கள் தொழிற்சாலை செய்தது சீட் பிராக்கெட். காரின் தரையோடு இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துண்டு அது. கார் வாங்குகிற யாரும் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காத பொருள். வண்டி எங்காவது மோதினால், இருக்கையும் அதில் இருக்கும் ஆளும் பெயர்ந்து போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அதுதான். அதனால் வெல்டிங் முடிந்த துண்டுகளில் சிலவற்றை எடுத்து, ஒரு இயந்திரத்தில் மாட்டி, பிய்ந்து வரும் வரை இழுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பாரத்தில் பிய்ந்தது என்று வாங்குகிற கம்பெனிக்கு அறிக்கை போகும்.

வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு நாள் அவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். அறிக்கைகள் இனிமேல் பூட்டிய மின்னஞ்சலில்தான் வர வேண்டும். யார் அளந்தாரோ அவரே தம்முடைய டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டும். மேலாளர் கையெழுத்து செல்லாது. எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் ஆர்டர் கொடுப்பவன் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

தர சோதனை அறையில் அளப்பதும் அறிக்கை அனுப்புவதும் முத்துலட்சுமியின் வேலை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். டிப்ளமா முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். டிரெய்னி காலம் முடிந்து, வேலை நிரந்தரம் என்ற கடிதத்துக்காக அவள் காத்திருந்த நேரம் அது. கடிதம் வந்தால் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே கல்யாணப் பேச்சு தயாராக இருந்தது. இதை அவளே ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது.

மென்பொருளை நிறுவ நான் போன அன்று அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கேட்டாள். ஒருவருக்கு சாவி, அதாவது அவருடைய கையெழுத்தைப் போடும் ரகசியக் கோப்பு, உருவாக்கும்போது மவுஸைக் கொஞ்சம் கன்னாபின்னாவென்று ஆட்டும்படி அது கேட்கும். அவளை உட்காரவைத்து ஆட்டச் சொன்னேன்.

"எதுக்கு சார் சும்மா ஆட்டச் சொல்லுது?"

"நீ ஆட்டுற மாதிரி இன்னொருத்தர் ஆட்ட முடியாதில்ல. அதை வெச்சுத்தான் சாவி செய்யும். அதனாலதான் அது உன் சாவி."

அவள் மவுஸை இடமும் வலமுமாக நேர்கோட்டில் நகர்த்தினாள். அளவெடுத்துப் பழகிய கை, கோணலாக ஓட மறுத்தது. கொஞ்ச நேரம் பிடித்தது.

"இனிமே நீ அனுப்புற ஒவ்வொரு மெயில்லயும் உன் கையெழுத்து இருக்கும். நான் அனுப்பலைன்னு அப்புறம் சொல்ல முடியாது" என்றேன்.

"தப்பா அனுப்பிட்டா அழிக்க முடியாதா சார்?"

"முடியாது. இன்னொரு மெயில் அனுப்பி, முன்னாடி அனுப்பினது தப்புன்னு சொல்லலாம். அவ்வளவுதான்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் எல்லாருக்கும் சொல்கிற வாசகம் அது, சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

அடுத்தது பாஸ்வேர்ட். இந்த இடத்தில் எனக்கு வேலை கற்றுத் தந்தவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் வேண்டாம். யாராவது பாஸ்வேர்ட் தட்டும்போது அவர் என் நாற்காலியைப் பிடித்து சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். "கண்ணை மூடினா போதாதுய்யா, திரும்பி உட்காரு. நீ பார்க்கலைன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்பார். அதற்காக அவரை முதுகுக்குப் பின்னால் கேலி செய்தவர்களில் நானும் உண்டு. ஆனால் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முத்துலட்சுமி தட்டும்போது நான் சுவரில் தொங்கிய சாமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான வாக்கியமாக இருக்க வேண்டும், விசைப்பலகை வெகுநேரம் சத்தம் போட்டது.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, ஆபீஸ் பீரோவில் வைப்பார்கள். உறை எப்போதும் ஒட்டியே இருக்கும், பசை மட்டும் அடிக்கடி புதிதாக இருக்கும். முத்துலட்சுமியின் பாஸ்வேர்டையும் கேட்டார்கள். வாங்குகிற கம்பெனியின் விதி இடம் கொடுக்காது என்று சொல்லி நான் தரவில்லை. உண்மையில் எனக்கே தெரியாது என்பது அவர்களுக்கு நம்பும்படியாக இல்லை.

ஆனால் வேறொரு இடத்தில் அவர்கள் சொன்னதுதான் நடந்தது. அந்த அறையில் மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கணினி. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும்போது, ஒவ்வொரு அறிக்கைக்கும் அவ்வளவு நீளமான பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று குவாலிட்டி மேனேஜர் சண்டைக்கு வந்தார். "ஒரு தடவை போட்டா சிஸ்டம் ஆஃப் ஆகுற வரைக்கும் திரும்பக் கேட்கக் கூடாது. அப்படி வெச்சுக் கொடுங்க" என்றார். மென்பொருளில் அந்த வசதி உண்டு. இது சரியில்லை, யார் அங்கே உட்கார்ந்து அனுப்பினாலும் அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு போகும் என்று எழுதியே கொடுத்தேன். அப்படியே வைக்கச் சொல்லி பதில் வந்தது, வைத்துக் கொடுத்தேன்.

கணினி ஆஃப் ஆவதே இல்லை. மின்வெட்டு வந்தாலும் யு.பி.எஸ். தாங்கும், பிறகு ஜெனரேட்டர் ஓடும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஒரகடத்தில் எல்லா இயந்திரங்களும் நிற்கும். அது ஆயுத பூஜை. அன்றைக்கு ஸ்பேனரிலிருந்து தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நிறுத்தி வைப்பார்கள். கணினிக்கும் அதே மரியாதைதான். பூஜை ஆன இயந்திரத்தை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள், எம்.டி.யே வந்து சொன்னாலும் சரி.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கு, சோதனைக்கு வந்தது. இழுத்துப் பார்த்த துண்டுகளில் சில, தாங்க வேண்டிய பாரத்துக்கு வெகு முன்பே பிய்ந்து வந்துவிட்டன. முத்துலட்சுமி அளந்ததை அளந்தபடி அறிக்கையில் போட்டாள். குவாலிட்டி மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை மாற்றினார். அடுத்த லாட்டில் சரி செய்துவிடலாம், இப்போது அனுப்பு என்றார். அவள் அனுப்பினாள். மறுநாள் காலை வந்ததும், யாரிடமும் கேட்காமல், அதே முகவரிக்கு இன்னொன்றும் அனுப்பினாள். நேற்றைய அறிக்கையில் இருக்கும் எண்கள் நான் அளந்தவை இல்லை, இந்த பிராக்கெட்டுகளை வண்டியில் பொருத்த வேண்டாம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

சரக்கு துறைமுகத்திலேயே நின்றது. வாங்குகிற கம்பெனி விளக்கம் கேட்டது. ஆயுத பூஜை அன்று காலையில், தொழிற்சாலை முழுவதற்கும் பொறுப்பான பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பட்டு வேட்டியும் நெற்றியில் விபூதியுமாக உட்கார்ந்திருந்தார், தூங்காத கண்கள். குவாலிட்டி மேனேஜர் ஜன்னல் ஓரமாக நின்றார்.

"அந்த சிஸ்டத்துல யார் வேணா உட்காரலாம் இல்லையா?" என்று பிளான்ட் ஹெட் கேட்டார்.

"உட்காரலாம் சார்."

"யார் அனுப்பினாலும் அந்தப் பொண்ணு கையெழுத்துதான் போகும்?"

"போகும் சார். எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்போ அந்த ரெண்டாவது மெயிலை அவதான் அனுப்பினாள்னு எப்படிச் சொல்றது?"

"அவளைக் கேட்டா தெரிஞ்சிடும் சார்."

"கேட்க வேணாம்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் குவாலிட்டி மேனேஜர்.

அவர்கள் நினைத்தது இதுதான். ஒருவருடைய சாவியை ரத்து செய்ய மென்பொருளில் வழி உண்டு. ரத்து செய்யும்போது அது காரணம் கேட்கும். காரணங்களின் பட்டியலில் ஒன்று, சாவி களவு போய்விட்டது என்பது. அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டால், அந்தச் சாவியால் போட்ட கையெழுத்தை அதற்குப் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். யாரோ விஷமி அவள் பெயரில் இரண்டாவது மெயிலை அனுப்பிவிட்டான் என்று விளக்கம் எழுதலாம். முதல் அறிக்கை சரிதான் என்று பிளான்ட் ஹெட் தனியாகக் கடிதம் கொடுத்து, இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்ளக் கேட்பார். சரக்கு கப்பல் ஏறும்.

"அவளுக்கும் இது நல்லதுதான். அவ அனுப்பவே இல்லைன்னு ஆயிடும்" என்றார் பிளான்ட் ஹெட். மேசை மேல் இருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். முத்துலட்சுமியின் நிரந்தரக் கடிதம், கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. "இல்லைன்னா அவளை என்னால வெச்சுக்க முடியாது. இந்த ஆர்டர் போச்சுன்னா வெல்டிங் லைன்ல பாதி பேரை அனுப்பணும். அதுல நீங்க தினம் பார்க்குற பசங்கதான் இருக்காங்க. யோசிச்சுக்கோங்க."

பிறகு கேட்டார். "அவ பாஸ்வேர்ட் இல்லாம உங்களால இதைச் செய்ய முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் சோதித்துப் பார்த்திருக்க முடியாது. ஆனால் தொழில் விஷயத்தில் மேலதிகாரிக்குப் பொய் சொல்ல ஆரம்பித்தால், அப்புறம் நான் சொல்லும் எதற்கு என்ன மதிப்பு? "சிஸ்டம் ஓடிக்கிட்டிருக்குற வரைக்கும் முடியும் சார். ஆஃப் பண்ணிட்டா அவதான் வந்து போடணும்" என்றேன்.

"அப்போ பூஜைக்கு முன்னாடி முடிச்சிடுங்க."

மாடியிலிருந்து தர சோதனை அறைக்கு, லைனுக்கு நடுவே நடந்து போக வேண்டும். தரையெல்லாம் கழுவி ஈரமாக இருந்தது. பிரஸ்ஸுக்கெல்லாம் மாவிலைத் தோரணம், வாழைக்கன்று. வெல்டிங் பையன்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பொரி பாக்கெட் வாங்க வரிசை கட்டியிருந்தார்கள். "ஹேப்பி பூஜை சார்" என்றான் ஒருவன். அவன் வேலையும் பிளான்ட் ஹெட் சொன்ன கணக்கில் இருக்கிறது என்று தோன்றியது. ஒரு பொத்தானை அழுத்தினால் இவன் பிழைப்பான், அந்தப் பெண்ணும் பிழைப்பாள், எனக்கும் தொல்லை இல்லை. எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய கார் எதன் மேலாவது மோதினால்தானே பிரச்சினை? மோதாமலே போகலாம். நடக்க நடக்க அது எனக்கு நியாயமாகவே படத் தொடங்கியது. இந்த நடையைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு மாடிப்படி வரும்.

முத்துலட்சுமி மேசையில் சிவப்புத் துணி விரித்து, வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று அளக்கும் கருவிகள் ஒவ்வொன்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் இட்டுக்கொண்டிருந்தாள். கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். சாவியை ரத்து செய்யும் இடத்தைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்துகொண்டது. காரணங்களின் பட்டியல் திரையில் வந்து நின்றது.

அதற்கு மேல் கை போகவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சாவியை அவளுக்குத் தெரியாமல் நான் களவு போனதாக எழுதினால், அந்த நிமிஷத்தில் அது நிஜமாகவே களவு போகிறது, திருடன் நான்தான். இதை யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. நாற்காலியைத் திருப்பி அவளைக் கூப்பிட்டேன்.

"அந்த ரெண்டாவது மெயில் நீ அனுப்பினதாம்மா?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"மொத மெயில்ல என் கையெழுத்து இருக்குல்லா சார். அழிக்க முடியாது, இன்னொண்ணு அனுப்பிதான் சொல்லணும்னு நீங்கதான சொன்னீக."

நான் சொல்லி மறந்த வாசகம். மேலே என்ன பேசினார்கள் என்பதை ஒன்று விடாமல் சொன்னேன். நிரந்தரக் கடிதம் தயாராக இருப்பதையும், லைன் ஆட்களைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன். எதையாவது விட்டுவிட்டால், நானே முடிவு செய்து அவளைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகும்.

"லெட்டரப் பாத்தீகளா சார்?"

"பார்த்தேன். உன் பேர் இருக்கு. கையெழுத்தும் ஆகியிருக்கு."

"அம்மாட்ட நேத்துதான் சொன்னேன், பூசை முடிஞ்சா லெட்டர் வந்துரும்னு." சந்தனக் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "அந்த லிஸ்ட்ல என்னெல்லாம் இருக்கு சார்?"

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். காரணம் சொல்ல விருப்பமில்லை. சாவி களவு போய்விட்டது. இதற்குப் பதிலாகப் புதுச் சாவி வந்துவிட்டது. இந்தச் சாவி இனிமேல் பயன்பாட்டில் இல்லை.

"நான் சொன்னது பொய்னு ஒண்ணு இல்லையா?"

"இல்லம்மா."

"மொத மெயிலுக்கு அதுதான் சார் வேணும்."

அப்போது எலக்ட்ரீஷியன் கன்னியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். பூஜைக்காக ஒவ்வொரு பகுதியாக மின்சாரத்தை நிறுத்திக்கொண்டு வருவது அவர் வேலை.

"இன்னா சார், இது இன்னும் ஓடிக்கினு கீது? அய்யரு வன்ட்டாரு. மெயின் எறக்கணும். அப்படியே எறக்கிட்டேன்னு வெச்சுக்கோங்க, பொட்டி கெட்டுப்பூடும், அப்பால நீங்கதான் என்னியத் திட்டுவீங்கோ."

"ரெண்டு நிமிஷம் கன்னியப்பா."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். முத்துலட்சுமியை அதில் உட்காரச் சொன்னேன். "உன் சாவி. என்ன செய்யணும்னு நீதான் சொல்லணும். எது செஞ்சாலும் நான் ஏன்னு கேட்கமாட்டேன்" என்றேன். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கன்னியப்பன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாமி காலண்டர் அதே இடத்தில் தொங்கியது. மவுஸின் சத்தம் ஒருமுறை கேட்டது. களவு போய்விட்டது என்ற அந்த இரண்டாவது வரியை அவள் அழுத்தியிருந்தாலும் நான் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டேன், இன்றைக்கும் சொல்லமாட்டேன். பிறகு, கணினி மூடும்போது வரும் அந்தச் சின்ன மெட்டு கேட்டது. அதோடு கணினியின் நினைவிலிருந்த பாஸ்வேர்டும் போனது.

திரும்பிப் பார்த்தபோது அவள் இருண்ட திரைக்கு நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். "பூசைக்கு நிறுத்தணும்லா சார்" என்றாள்.

தீபாராதனையின்போது கூட்டத்தில் பிளான்ட் ஹெட் என் பக்கமாக நகர்ந்து வந்தார். "முடிஞ்சுதா?"

"சிஸ்டம் நிறுத்தியாச்சு சார்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"இன்னிக்கு ஆயுத பூஜை சார்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கற்பூரத் தட்டு வந்தது, ஒற்றிக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்துவிட்டார். பூஜை போட்ட பொருளை எடுத்து ஓட்டு என்று சொல்ல அவராலும் முடியாது.

விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த காலையில் அந்தச் சிறிய அறையில் நாங்கள் நால்வரும் இருந்தோம். திரையில் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. கணினி பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. நிரந்தரக் கடிதத்தைப் பிளான்ட் ஹெட் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். "களவு போச்சுன்னு போட்டுட்டு, இதை எடுத்துக்கிட்டுப் போ. யாரும் உன்னை ஒண்ணும் கேட்கமாட்டாங்க" என்றார். குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

முத்துலட்சுமி உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பினேன். பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார், தயங்கினார், பிறகு அவரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குவாலிட்டி மேனேஜர் மட்டும் திரும்பவில்லை. வெகுநேரம் தட்டினாள். பட்டியல் வந்ததும் எல்லாரும் பார்க்கவே கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தாள். இந்தச் சாவி இனிமேல் பயன்பாட்டில் இல்லை. அந்தக் காரணத்தோடு ரத்தான சாவியின் பழைய கையெழுத்துகள் எல்லாம் செல்லும். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாங்குகிற கம்பெனி அனுப்பியிருந்த கையேட்டை லீவில் அறையில் உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

"சாவி களவு போகல சார். என்கிட்டதான் இருந்துச்சு" என்று பிளான்ட் ஹெட்டிடம் சொன்னாள். கடிதத்தைத் தொடாமல் எழுந்தாள். என்னிடம், "இனிமே எனக்கு இது வேண்டியிருக்காதுல்லா" என்றாள். பிளான்ட் ஹெட் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரால் கண்ணைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை.

அந்த லாட் திரும்பி வந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து வெல்டிங் லைனை நிறுத்தி, சரி செய்து, மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஆர்டர் போகவில்லை. கொஞ்ச காலம் யாருக்கும் ஓவர்டைம் இல்லை, அவ்வளவுதான். லைனில் இருந்து ஒருவனைக்கூட அனுப்பவில்லை. அனுப்பப்பட்டவள் முத்துலட்சுமி மட்டும். டிரெய்னி காலம் முடிந்தது என்று ஒரே வரியில் காகிதம் கொடுத்தார்கள். அவள் பஸ் ஏறிய அன்று நான் போய் வழியனுப்பியிருக்க வேண்டும், போகவில்லை. என்னை மெதுவாக சர்வர் அறையிலிருந்து நகர்த்தி, வாசலில் கைரேகை வைத்து உள்ளே வருகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தினமும் வெல்டிங் பையன்கள் விரலை வைத்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் வடிந்து, எங்கள் ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டில் சேறு வாரிக்கொண்டிருந்த சமயம், எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண். ஓசூரில் ஒரு சிறிய கம்பெனியில் தர சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர்களும் அதே வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் உதிரிபாகம் அனுப்பப் போகிறார்கள். புதுச் சாவி செய்திருக்கிறாள். இது இன்னாருடைய சாவிதான் என்று, அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கனவே நம்புகிற ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். சிஸ்டம் அட்மினாக அப்போது நான் செய்துகொண்ட என் சாவி அவர்களிடம் பழையபடி இருந்தது.

"முத்துலட்சுமிதானா பேசறது?"

"நான்தான் சார்."

ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை மாதிரி ஒரு நீளமான எழுத்து வரிசை உண்டு. அவள் அனுப்பிய சாவியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் அங்கிருந்து நான்கு நான்கு எழுத்தாகப் படித்தாள், நான் இங்கே ஒப்பிட்டேன். ஒவ்வொரு நான்குக்கும் நிறுத்தி, நான் சரி என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனாள். ஊர்ச் செய்தி, கல்யாணச் செய்தி எதையும் நான் கேட்கவில்லை.

கடைசியில் மென்பொருள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. இந்தச் சாவிக்கு உரியவர் அவர்தான் என்பதை எவ்வளவு கவனமாகச் சோதித்தீர்கள்? பதில் சொல்ல விருப்பமில்லை. சோதிக்கவே இல்லை. மேலோட்டமாகச் சோதித்தேன். மிகக் கவனமாகச் சோதித்தேன். அந்த ஒரு நாள் மட்டும் நான் கையேட்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஆளை நேரில் பார்த்து, அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்த்திருந்தால்தான் கடைசி வரியை அழுத்தலாம் என்று போட்டிருந்தது.

"சார், இருக்கீகளா?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

"இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, கடைசி வரியை அழுத்தினேன்.